13 புள்ளிக் கோலம்: யாராவது வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் கோலம் போடுகிறார்கள்.

ஃபானோ தளம் அழகாக வந்துவிட்டது. 7 புள்ளி, 7 கோடு, கோட்டுக்கு 3 புள்ளி. எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றைச் சேர்க்கும் கோடு ஒன்றே ஒன்றுதான். ஆறு கோடு நேர், ஏழாவது வட்டம். (ஏழையும் நேராக இழுக்கிறேன் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கிண்ணம் மாவையும் தீர்த்தான். எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், இரண்டே புள்ளி உள்ள நேர்கோடு ஒன்றாவது வந்தே தீரும் என்கிற சில்வெஸ்டர்-கல்லாய் தேற்றம் விடாதுடா, ராஜா!)

இதே விதியுள்ள அடுத்த பெரிய தளத்தில்தான் மாட்டிக்கொண்டோம். 13 புள்ளி, 13 கோடு, கோட்டுக்கு 4 புள்ளி. 0 முதல் 12 வரை எண் கொடுத்தால் 0, 1, 3, 9 ஒரு கோடு. எல்லாவற்றோடும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் (12க்கு அடுத்து 0) மற்ற 12 கோடும் வரும். ஆனால் வட்டமாக வைத்து இழுத்தால் நடுவில் ஒரே நூல்கண்டு.

அதனால் 0வை நடுவில் வைத்தேன். எண்களை 3ஆல் பெருக்கினால் (12ஐத் தாண்டினால் 13ஆல் வகுத்த மீதி) கோடு கோடாகவே மாறும். மீதிப் புள்ளிகள் மூன்று மூன்றாகச் சுழலும்: 1-3-9, 2-6-5, 4-12-10, 7-8-11. முதல் கோடு தனக்குள்ளேயே சுழலும், அது மூன்று இதழாக வந்துவிடும். மிச்சத்தில் நாலு கோட்டுக்கு வளைவு கிடைத்தால் போதும், மற்றவை சுழற்றினால் வரும்.

கேள்வி இதுதான்: இந்த நாலு மூன்று-புள்ளிக் கூட்டங்களில் எது உள்ளே, எது வெளியே இருந்தால் கம்பிகள் குறைவாக வெட்டிக்கொள்ளும்? கையால் வரைந்த படம் இருந்தாலும் போடுங்கள். காவி கரைப்பதற்குள் தெரிந்தால் புண்ணியமாகப் போகும்.