பியாண்ட் தி கேட்ஸ்: கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்தால் ரேட்டிங் வராதா?

கேள்வி: மேப்பிள்_தெரு

வணக்கம். அமெரிக்காவின் சிபிஎஸ் சானலில் மதியம் வரும் பியாண்ட் தி கேட்ஸ் சீரியலை இங்கே யாராவது பார்க்கிறீர்களா? 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கியதிலிருந்து நானும் அம்மாவும் விடாமல் பார்க்கிறோம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்தில் காவல் போட்ட ஒரு பணக்காரக் குடியிருப்பு, அதில் டுப்ரீ என்ற கறுப்பினக் குடும்பம். அப்பா வெர்னன் முன்னாள் செனட்டர், அம்மா அனிதா ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகி, பெரிய மகள் நிக்கோல் மனநல மருத்துவர், சின்னவள் டானி முன்னாள் மாடல். டானியை விட்டுப் போன கணவன் தன் மகளின் தோழியையே கட்டிக்கொள்ளக் கிளம்புகிறான். அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும், ஆனால் அந்தக் கல்யாணக் கதைக்கு நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன். வேலையிடத்தில் ஒருவர், இது ரொம்ப நாள் ஓடாது என்று அடித்துச் சொல்கிறார். 1989இலேயே என்பிசி சானல் இதைச் செய்து பார்த்துவிட்டதாம், ஜெனரேஷன்ஸ் என்று ஒரு சீரியல், இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லையாம். "கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்தால் ரேட்டிங் வராது, அது அப்போதே தெரிந்துபோன விஷயம்" என்கிறார். எனக்கு என்னவோ இடிக்கிறது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய அமெரிக்க மதிய சீரியல்கள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில் 1: பழைய_டிவி_பிரியன்

அவர் சொல்லும் வருஷம் சரி, எடுக்கும் முடிவுதான் தப்பு. ஜெனரேஷன்ஸ் 1989 மார்ச் 27 முதல் 1991 ஜனவரி 25 வரை ஓடியது. கதை சிகாகோவில் நடக்கும். மார்ஷல் என்று ஒரு கறுப்பினக் குடும்பம், விட்மோர் என்று ஒரு வெள்ளைக் குடும்பம். மார்ஷல்களுக்கு ஐஸ்கிரீம் வியாபாரம். பாட்டி விவியன் முன்பு விட்மோர் வீட்டில் வேலை பார்த்தவர். யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் பாத்திரம் பண்டம் பார்த்த அம்மாவின் பிள்ளைகள் இன்று சொந்தக் கடைகளோடு அவர்களுக்குச் சமமாக எதிரே உட்காருகிறார்கள், இந்த ஒரு ஏற்பாட்டை வைத்தே பத்து வருஷம் கதை ஓட்டலாம்.

ஆனால் என்பிசி அதற்குக் கொடுத்த நேரம் பகல் 12.30, அதுவும் அரை மணி நேரம்தான். அதே 12.30க்குப் பக்கத்துச் சானலான சிபிஎஸ்ஸில், ஒரு மணி நேரத் தொடராக, தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ். 1988 முடியும்போது முதலிடத்துக்கு ஏறி, அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காத சீரியல் அது. இதில் முக்கியமான விஷயம், கறுப்பினக் குடும்பங்கள் அதிகமாகப் பார்த்த மதிய சீரியலும் அதுதான். ஆக யாரை நம்பி ஜெனரேஷன்ஸை எடுத்தார்களோ அவர்களுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன சீரியலுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். புதுச் சீரியலுக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

நிறுத்திய பிறகு நடந்ததைப் பாருங்கள். அதில் நடித்த கிறிஸ்டாஃப் செயின்ட் ஜானை அதே 1991இல் யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ் எடுத்துக்கொண்டது. நீல் வின்டர்ஸ் என்ற பாத்திரத்தில் 2019இல் இறக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார், அதற்காக எம்மி டிவி விருதும் வாங்கினார். ஜெனரேஷன்ஸின் பழைய எபிசோடுகளை, கறுப்பின ரசிகர்களுக்கான பிஇடி சானல் மறுபடி ஓட்டியது. ரசிகர்களே இல்லையென்றால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பதில் 2: கோமதி_அட்லாண்டா

மேலே உள்ளதெல்லாம் சரி. நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்தப்பட்ட சீரியலைவிட ஓடிக்கொண்டிருந்த சீரியலுக்குள் நடந்ததுதான் எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

மதிய சீரியல் என்றாலே குடும்பம்தான். உயில், சொத்து, யார் யாருடைய பிள்ளை, யார் கல்யாணத்தில் யார் எழுந்து நின்று தடுப்பது, எல்லாமே குடும்பத்துக்குள்ளிருந்துதான் பிறக்கும். அதனால் ஒரு பாத்திரத்துக்கு எவ்வளவு பெரிய குடும்பத்தை எழுதிக் கொடுக்கிறார்களோ அவ்வளவுதான் அதன் ஆயுள். யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸில் நியூமன், அபாட் குடும்பங்களுக்குக் கிளைமேல் கிளை. கறுப்பினப் பாத்திரங்களுக்கு? 90களில் கதை பெரும்பாலும் சுற்றியது நான்கு பேரைத்தான். ட்ரூசில்லா, அவள் அக்கா டாக்டர் ஒலிவியா, நீல், அவன் தம்பி மால்கம்.

ட்ரூசில்லா எப்படி வந்தாள் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாமல் தெருவில் அலைந்த பெண்ணாக வந்தாள். நேதன் என்று ஒருவன் உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தான். அந்தப் பெண்தான் பிறகு பெரிய மாடலாகிறாள். விக்டோரியா ரவல் அதை நடித்த விதம் இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது, அந்தத் திமிரும் அதற்கு அடியில் கிடக்கும் பயமும். ஆனால் கதை என்று வரும்போது அந்த நான்கு பேருக்குள்ளேயேதான் சுற்ற வேண்டும். அக்கா ஒலிவியா நேசித்த நீல், தங்கை ட்ரூசில்லாவுக்குக் கணவன். அந்தக் கணவனின் மகளாக வளர்ந்த லிலி, பார்த்தால் தம்பி மால்கமின் மகள். ஊரில் மற்றவர்களோடு கலக்க விடாமல் ஒரே கூடத்துக்குள் கதையைப் பூட்டிவைத்தால் வேறென்ன எழுத முடியும்?

இதில் ஒருவர் போனால் மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும். 2007இல் ட்ரூசில்லா மலைமுகட்டிலிருந்து விழுந்ததாகக் கதையை முடித்தார்கள், அதோடு வின்டர்ஸ் குடும்பத்தின் முதுகெலும்பே போயிற்று. எழுதும் அறையில் கறுப்பினத்தவர்கள் ஏன் இல்லை என்று ரவல் வெளிப்படையாகவே கேட்டவர். 2015இல் வழக்கும் போட்டார், பிறகு அது சமரசமாக முடிந்தது. ஒப்பந்தங்களும் 13 வாரம், 26 வாரம் என்ற கணக்கில் புதுப்பிக்கப்படுபவை. கதை இல்லாதவரின் பெயரை அடுத்த சுற்றில் எடுத்துவிட்டு "ரசிகர்களிடம் வரவேற்பு இல்லை" என்று சொல்லிவிடலாம். கதையே கொடுக்காமல் வரவேற்பு எங்கிருந்து வரும்?

பதில் 3: ஆடிட்டர்_குமார்

உணர்ச்சிவசப்படாமல் வியாபாரமாகவும் பாருங்கள். இது சானல்காரர்களின் பணம் இல்லை, விளம்பரதாரர்களின் பணம். சோப்புக் கம்பெனிகள் காசு போட்டதால்தான் சோப் ஆபரா என்றே பெயர். 18 முதல் 49 வயதுப் பெண்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். எதிர்ப்பு வந்தால் பின்வாங்கத்தான் செய்வார்கள். 70களில் டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸில் டேவிட் என்ற வெள்ளைக்காரப் பையனும் வாலரி என்ற கறுப்பினப் பெண்ணும் காதலிப்பதாக ஒரு கதை வந்தது. நிச்சயதார்த்தம் வரை போய், வெறுப்புக் கடிதங்கள் குவிந்ததும் கைவிட்டார்கள். நான் இதை நியாயம் என்று சொல்லவில்லை. அப்போதைய நிலைமை அப்படி இருந்தது என்கிறேன்.

பதில் 4: பழைய_டிவி_பிரியன்

குமார் சார், கடிதம் வந்தது உண்மைதான். ஆனால் கடிதம் எழுதியவர்களை மட்டுமே ரசிகர்கள் என்று எண்ணியதுதானே கோளாறு. அதற்கும் முன்னால் 1968இல் நடந்ததைப் பாருங்கள்.

ஏபிசி சானலில் அக்னஸ் நிக்ஸன் ஒன் லைஃப் டு லிவ் என்ற சீரியலைத் தொடங்கினார். அதில் கார்லா பெனாரி என்று ஒரு நடிகைப் பாத்திரம். பார்ப்பவர்கள் அவளை இத்தாலிய வம்சாவளிப் பெண் என்றே நினைத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகிறது, நடுவில் ஒரு கறுப்பின டாக்டர் மேல் மனம் போகிறது. அவள் அவரை முத்தமிட்டதற்கே எதிர்ப்பு கிளம்பியது, டெக்சாஸில் ஒரு டிவி நிலையம் சீரியலையே நிறுத்திவிட்டது. அப்புறம் பல மாதம் கழித்து, மகள் இறந்துபோனாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த சேடி கிரே என்ற கறுப்பினப் பெண்ணின் முன்னால் வந்து நின்று "அம்மா" என்கிறாள் கார்லா. அவ்வளவுதான், அதுவரை அவளை வெள்ளைக்காரி என்று நினைத்து அந்த முத்தத்துக்குக் கொதித்தவர்கள் தாங்கள் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதைத் தாங்களே பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு மதிய சீரியல் அந்த வேலையைச் செய்தது. அந்தச் சீரியல் அதனால் அழிந்துவிடவில்லை, 2012 ஜனவரி வரை ஏபிசியில் ஓடியது.

கார்லாவாக நடித்த எலன் ஹாலி, தனக்கும் மற்றக் கறுப்பின நடிகர்களுக்கும் வெள்ளை நடிகர்களைவிடக் குறைந்த சம்பளமே தரப்பட்டது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சீரியலைத் தூக்கி நிறுத்திய கதைக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

அதேபோல ஆல் மை சில்ட்ரனில் ஆஞ்சி, ஜெஸ்ஸி ஜோடி. 80களில் எல்லா இனத்து ரசிகர்களும் கொண்டாடிய காதல் ஜோடி அது. ஜெஸ்ஸியாக நடித்த டார்னல் வில்லியம்ஸ் 1985இல் சிறந்த நடிகர் எம்மி வாங்கினார். பெண்கள் பிரிவில் அதே பெரிய விருது ஒரு கறுப்பின நடிகைக்குக் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸுக்காக மிஷெல் மார்கன் வாங்கினார். நல்ல கதை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பதில் 5: நியூஜெர்சி_மாலா

நம் இந்திய முகங்களுக்கும் இதே கதைதான், அதனால்தான் கோமதி அக்கா எழுதியது சுருக்கென்று தைத்தது. 2016இல் யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸில் ரவி ஷாபூர் என்று ஒருவன் வந்தான், அபி சின்ஹா நடித்தார். வேறு என்ன வேலை கொடுப்பார்கள், கம்ப்யூட்டர் வல்லுநர்தான். ஆஷ்லி அபாட் மேல் அவனுக்கு ஒரு ஈர்ப்பு இருந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அபாட்களுக்கு இருப்பதுபோல அவனைச் சுற்றி ஒரு குடும்பத்தை எழுதவே இல்லை. குடும்பம் இல்லாதவன் சீரியலில் விருந்தாளி மாதிரி, அடுத்தவர் வீட்டுப் பிரச்சினைக்கு உதவி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பியாண்ட் தி கேட்ஸ் எனக்குப் பிடிக்கக் காரணமே அதுதான். தாத்தா, பாட்டி, மகள்கள், பேரப்பிள்ளைகள், விட்டுப்போன மருமகன் என்று முதல் நாளே முழுக் குடும்பத்தையும் இறக்கிவிட்டார்கள். உருவாக்கிய மிஷெல் வால் ஜீன் ஒரு கறுப்பினப் பெண், ஜெனரல் ஹாஸ்பிடலிலும் தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுலிலும் வருஷக்கணக்கில் எழுதியவர். தயாரிப்பில் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் பங்கு. டானியாக நடிக்கும் கார்லா மோஸ்லியைப் போல்டில் பார்த்திருப்பீர்கள், 2015இல் திருநங்கை என்று தெரியவந்த மாயா பாத்திரம் அவர்தான். குடும்பம் பெரிதாக இருப்பதால் இதில் ஒரு கறுப்பினப் பெண் கெட்டவளாக இருக்கலாம், இன்னொருத்தி நல்லவளாக இருக்கலாம், மூன்றாவது ஆள் முட்டாள்தனம் செய்யலாம். ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு அவரே மொத்த இனத்துக்கும் நற்சான்றிதழாக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பதில் 6: எண்கணக்கு_சிவா

ரேட்டிங் என்ற எண்ணைப் பற்றியே யாரும் சொல்லவில்லையே. நம் ஊர் டிஆர்பி மாதிரிதான். இங்கே நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் அளந்து நாடு முழுவதற்கும் கணக்கிடுகிறது. ஒரு பாயின்ட் என்றால் டிவி உள்ள வீடுகளில் நூற்றில் ஒன்று. 90களின் தொடக்கத்தில் யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸுக்கு 8 பாயின்ட் சுமார் வந்தது, அப்போது டிவி உள்ள வீடுகள் 9 கோடிக்கு மேல். இன்று அதே சீரியலை முப்பது லட்சம் பேர் சுமாராகப் பார்த்தாலே பெரிய விஷயம். 1981 நவம்பரில் ஜெனரல் ஹாஸ்பிடலில் லூக், லாரா கல்யாணத்தை 3 கோடிப் பேர் பார்த்தார்கள். அதிலிருந்து இதுவரை எல்லாச் சீரியலுக்கும் ஒரே திசைதான், கீழே. பெண்கள் வேலைக்குப் போனார்கள், கேபிள் வந்தது, 1995இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் நேரலை மாதக்கணக்கில் மதிய நேரத்தை விழுங்கியது, பிறகு இணையம் வந்தது.

இப்போது நிறுத்தப்பட்டவற்றைப் பாருங்கள். கைடிங் லைட் 2009, ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ் 2010, ஆல் மை சில்ட்ரன் 2011, ஒன் லைஃப் டு லிவ் 2012. டேஸ் 2022இல் டிவியை விட்டே பீகாக் செயலிக்குப் போய்விட்டது. இவை அனைத்திலும் நடுவில் இருந்தவை வெள்ளைக் குடும்பங்கள். ரேட்டிங் விழுந்தபோது "வெள்ளைக் குடும்பத்தை வைத்தால் ஓடாது" என்று யாராவது சொன்னார்களா? காலம் மாறிவிட்டது, செலவு கட்டுப்படியாகவில்லை என்றுதான் சொன்னார்கள். ஜெனரேஷன்ஸ் விழுந்தால் மட்டும் காரணம் தோல் நிறம். மேப்பிள், உங்கள் அலுவலக நண்பரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

மேப்பிள்_தெரு

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இடித்தது எது என்று சிவா சொன்ன பிறகுதான் பிடிபட்டது. இன்னொரு சந்தேகம். நாங்கள் பெரும்பாலும் மறுநாள்தான் பாராமவுன்ட் ப்ளஸ்ஸில் பார்க்கிறோம். அது கணக்கில் சேருமா, இல்லை அன்றன்றைக்கு மதியமே பார்த்தால்தான் உதவியா?

எண்கணக்கு_சிவா

வாராவாரம் வெளியில் பேசப்படும் எண்ணில் மறுநாள் செயலியில் பார்ப்பது சேராது, அது அன்றே டிவியில் பார்த்தவர்களின் கணக்கு. ஆனால் சொந்தச் செயலியில் யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பது சிபிஎஸ்ஸுக்கு நேரடியாகத் தெரியும், தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் மேசைக்கு அந்த எண்ணும் போகும். அதனால் மறுநாள் பார்ப்பதில் தவறே இல்லை, நடுவில் நிறுத்தாமல் முழு எபிசோடையும் பாருங்கள். யூடியூபில் யாரோ வெட்டி ஏற்றும் துண்டுகளை மட்டும் பார்த்தால்தான் சீரியலுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இங்கே நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.