எக்ஸ்ரே சரியாம், வலி மட்டும் போகவில்லை: இடுப்பு ரீசர்ஃபேசிங் செய்தவர்கள் யாராவது?

மலையடி டீச்சர் (குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்)

வணக்கம். வயது 61. ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பிறவியிலேயே வலது இடுப்புக் கிண்ணம் ஆழம் குறைவு. நாற்பதைத் தாண்டியதும் மூட்டு தேய்ந்துவிட்டது. 2009-ல் சென்னைக்குப் போய் ரீசர்ஃபேசிங் செய்துகொண்டேன். தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல், அதைச் செதுக்கி மேலே ஓர் உலோகத் தொப்பி. இடுப்புப் பக்கம் ஓர் உலோகக் கிண்ணம். "சின்ன வயசும்மா, எலும்பை மிச்சம் வைப்போம். பின்னால் தேவைப்பட்டால் முழு மூட்டு போட்டுக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். குறை சொல்ல மாட்டேன். பல வருடம் கோர் தெ கார்ட் மலைக்கோயில் படிகளில் பிள்ளைகளுக்கு முன்னால் ஏறிப் போனவள் நான்.

இந்தத் தைப்பூசத்துக்கு அப்புறம்தான் கோளாறு. பஸ்ஸிலிருந்து இறங்கினால் தொடை இடுக்கில் சுருக்கென்கிறது. நாற்காலியை விட்டு எழுந்தால் உள்ளே 'டக்' என்று சத்தம். தொட்டுப் பார்த்தால் முன்பக்கம் லேசாகப் புடைத்திருக்கிறது. இங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, உடம்பைக் குறையுங்கள்" என்றார். நான் 52 கிலோ. இதில் எதைக் குறைக்க?

மகனோ, "ஆண்டி மர்ரி இதே ஆபரேஷன் செய்துகொண்டு திரும்ப டென்னிஸ் ஆடினாரே, உனக்கென்ன" என்கிறான். மருந்துக்கடைக்காரர் வாயுப் பிடிப்பு என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்காரன்

பயப்படாதீர்கள் அக்கா. நானும் 2007-ல் செய்துகொண்டவன், இடது பக்கம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பேரனோடு பந்து உதைக்கிறேன். இந்த ஆபரேஷனில் ஆபத்தெல்லாம் முதல் சில மாதத்தில்தான் என்று என் டாக்டர் சொன்னார். தொப்பிக்குக் கீழே எலும்புக் கழுத்து முறியலாம் என்பதற்காக ஊன்றுகோலை விடவே விடவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். நல்ல பிசியோ ஒருவரைப் பாருங்கள், சரியாகிவிடும்.

தியேட்டர் சிஸ்டர் (சென்னை)

ரோஸ்ஹில் ஐயா மன்னிக்கணும். கழுத்து முறிவுக்கு நீங்கள் சொல்வது சரி, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வருவதுதான். ஆனால் டீச்சரம்மா சொல்வது வேறு கதை. எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் பல காலம் நின்றவள் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இதில் தொப்பி, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம். உரசினால் கண்ணுக்குத் தெரியாத துகள் உதிரும். எல்லோருக்கும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். கிண்ணம் செங்குத்தாக உட்கார்ந்துவிட்டால் பாரம் முழுக்க அதன் விளிம்பில் விழுந்து, துகள் ஏராளமாகக் கொட்டும். சிறிய தொப்பிக்கு இந்த ஆபத்து கூடுதல். பெண்களுக்கு எலும்பு சிறியது, அதனால் தொப்பியும் சிறியது. அதோடு உங்களைப் போலப் பிறவியிலேயே ஆழம் குறைந்த கிண்ணம் என்றால் சரியான சாய்வில் பொருத்துவதே கஷ்டம். இந்த உலோகத்துக்கு உடம்பு முறுக்கிக்கொண்டால் மூட்டைச் சுற்றி நீர் கோக்கும், கட்டி மாதிரி திரளும், சதை அரித்துப்போகும். புற்றுநோய் இல்லை, ஆனால் சும்மா விடுகிற கட்டியும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும், இது தெரியாது.

ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் செய்துகொண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியை ஜெயித்தார், உண்மைதான். அவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆண். பர்மிங்ஹாமில் 1997-ல் வந்த பிரபலமான மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் அதன் கம்பெனி 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான தொப்பிகளை நிறுத்தியது, பெண்களுக்கே போட வேண்டாம் என்றும் சொன்னது. ஏஎஸ்ஆர் என்ற இன்னொன்றை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால் முதல் வேலை, 2009 டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். ஆபரேஷன் குறிப்பில் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மாடலும் அளவும் அதில் உண்டு. அது கையில் இல்லாமல் யாரிடம் கேட்டாலும் ஊகம்தான்.

அப்புறம் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம். இதற்கென்றே உள்ள தனிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், சாதாரணக் குழாயில் எடுத்தால் எண் தப்பாக வரும். பிரிட்டனில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. அதற்குக் கீழே இருந்துவிட்டால் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள், குறைந்த எண்ணோடு கட்டி இருந்தவர்களும் உண்டு. பி12 மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், அதிலும் கோபால்ட் இருக்கிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் எண் ஏறும். எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம். உலோகத்தால் படம் கலங்காதபடி அமைத்து எடுக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஐயா, உங்களுக்கு வலி இல்லை, சந்தோஷம். தொப்பி 48 அல்லது அதற்குக் கீழே என்றால், பிரிட்டனில் ஆண்களையும் வருடா வருடம் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் ஸ்டிக்கரையும் ஒரு தடவை பாருங்களேன்.

ரோஸ்ஹில்காரன்

பார்த்தேன். 54. வீட்டுக்காரி என் ஃபைலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்.

சென் தெனி அண்ணன் (ரியூனியன்)

என் தங்கைக்கு இதே கதை. வலி பொறுக்கக்கூடியதாக இருந்தது என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள். மறு ஆபரேஷனில் திறந்தபோது இடுப்பைத் தூக்கிப் பிடிக்கிற சதையில் பாதி இல்லை. புது மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. உலோகத் தொப்பி போய்விட்டது, எலும்புக்குள் தண்டு, மேலே செராமிக் பந்து, கிண்ணத்தில் பிளாஸ்டிக். ஆனால் சதை போனது போனதுதான். சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள், மூட்டு ஒருமுறை நழுவியும் விட்டது. டீச்சர், வலி எவ்வளவு என்று பார்க்காதீர்கள். அந்தப் புடைப்பு என்ன என்று பாருங்கள்.

மலையடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சம்மரி கிடைத்தது, பழைய பஞ்சாங்கங்களோடு கட்டி வைத்திருந்தேன். மாடல் ஏஎஸ்ஆர் இல்லை. தொப்பி 44. கோபால்ட் 12, குரோமியம் 9. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பியதால் முடிவு வர நாளாயிற்று. எம்.ஆர்.ஐ.யில் மூட்டுக்கு முன்னால் நீர்ப்பை, சதை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம். வேறொரு டாக்டர் கிண்ணத்தின் சாய்வை அளந்து பார்த்துவிட்டு, 60 டிகிரிக்கு மேல் போகிறது, மாற்றிவிடுவோம் என்றார். அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை. ஆனால் இந்த மாதிரி மறு ஆபரேஷன் அதிகம் செய்த கை வேண்டும் என்று அவரே சொல்கிறார். மகன் சென்னைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சிஸ்டர், டாக்டரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தியேட்டர் சிஸ்டர் (சென்னை)

உலோகத்தால் கெட்ட மூட்டு எத்தனை மாற்றியிருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தொப்பியை மட்டும் எடுப்பாரா, கிண்ணத்தையும் சேர்த்தா என்று கேளுங்கள். உங்கள் சாய்வுக்குக் கிண்ணத்தை விட்டுவைக்கக் கூடாது. கழற்றியதைத் தூக்கி எறியாமல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புது ஸ்டிக்கரின் நகல் ஒன்று கையோடு வாங்கி வந்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தை சி.டி.யில் கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.