பிளெட்ச்லி மாளிகையை இடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

செங்கல்சூளை:
இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் என்றாலே இரண்டாம் உலகப்போர், ஜெர்மானியர்களின் எனிக்மா சங்கேத இயந்திரம், அதை உடைக்க உழைத்த கணித மேதை ஆலன் டூரிங். சரி, அந்தப் பெருமை மனிதர்களுக்கு. கட்டடத்துக்கு என்ன பங்கு? ஹெர்பர்ட் லியான் என்ற லண்டன் பங்குத் தரகர் 1883-இல் வாங்கி, தோன்றியபோதெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக் கட்டிய வீடு அது. கோதிக் பாணி கொஞ்சம், டூடர் கொஞ்சம், டச்சு பரோக் கொஞ்சம், ஓரத்தில் பச்சை ஏறிய செம்புக் குவிமாடம். விருந்தில் மிஞ்சியதை எல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைத்த குழம்பு! சங்கேதங்களை உடைத்தது தோட்டத்தில் போட்ட மரக்கொட்டகைகளில். மாளிகையை இடித்திருந்தாலும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

ரயிலடி:
கொட்டகை என்ன வானத்திலிருந்தா விழுந்தது? 1937-இல் லியானின் மனைவி இறந்ததும் எஸ்டேட் விலைக்கு வந்தது. இடித்துவிட்டு வீடுகள் கட்ட ஒரு பில்டர் தயாராக இருந்தார். 1938-இல் உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் ஹியூ சின்க்ளேர் மாளிகையையும் 58 ஏக்கரையும் 6,000 பவுண்டுக்கு வாங்கினார். சொந்தப் பணம் என்றுகூடச் சொல்வார்கள். ஸ்டேஷன் நடக்கிற தூரம். லண்டன் மெயின் லைனும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பாதையும் அங்கேதான் சந்தித்தன. பேராசிரியர்களை வரவழைக்க இதைவிடத் தோதான இடம் எது?

செங்கல்சூளை:
ஆக, காரணம் ஜங்ஷன். வீடு இல்லை. நன்றி.

பழையசாவி:
அவசரப்படாதீங்க நண்பரே. 1938-இல் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை மிரட்டிய ம்யூனிக் நெருக்கடி சமயத்தில், போர் வந்தால் இங்கே குடியேறுவதற்கான முதல் ஒத்திகைக்கு வந்த உளவுத்துறைக்காரர்கள் போட்ட வேஷம் என்ன தெரியுமா? கேப்டன் ரிட்லியின் வேட்டைக் கோஷ்டி! பணக்கார மாளிகையில் பத்துப் பேர் வந்து தங்கினால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வெறும் வயலில் கொட்டகை போட்டால் கேட்பார்கள்.

1939 ஆகஸ்டில் குடிவந்தபோதும் வேலை ஆரம்பித்தது வீட்டுக்குள்தான். கடற்படைப் பிரிவு நூலகத்தில் உட்கார்ந்தது. மேலே தண்ணீர்த் தொட்டி இருந்த கோபுரத்தில் வயர்லெஸ் அறை. 'ஸ்டேஷன் எக்ஸ்' என்ற ரகசியப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஏரியல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சீக்கிரமே அந்த வயர்லெஸ் அறையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸின் குழு, லியானின் குதிரை லாய முற்றத்துக் குடிலில் இருந்தது. 1941 மார்ச்சில் பிரிட்டன் இத்தாலியக் கடற்படையைத் தோற்கடித்த மட்டபான் கடற்போருக்கு உதவிய இத்தாலியச் செய்திகளை அந்தக் குழுவின் மேவிஸ் லீவர் உடைத்தது அங்கேதான். அது கொட்டகையா?

செங்கல்சூளை:
தொடக்கத்தில் நாலு பேர் நூலகத்தில் உட்கார்ந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். உச்சத்தில் அங்கே வேலை செய்தவர்கள் 9,000 பேருக்கும் மேல், நாலில் மூன்று பங்கு பெண்கள். அத்தனை பேரையும் லியானின் விருந்து மண்டபத்திலா அடைத்தீர்கள்?

ரயிலடி:
எல்லோரும் 1945-இல் நிறுத்திக்கொள்கிறீர்கள். அப்புறம் வந்த குடித்தனக்காரர்கள் கணக்கில்லையா? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தபால் தந்தித் துறையின் பயிற்சிக்கூடம், விமானப் போக்குவரத்துக்காரர்கள். 1970-களில் ரகசியம் வெளிவரும்வரை, இதே அறைகளில் என்ன நடந்தது என்று தெரியாமலே டெலிபோன் வேலை படித்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். கூரை ஒழுகாமல் வீட்டை வைத்திருந்ததும் அவர்கள்தான்.

செங்கல்சூளை:
காவல்காரர்களா அவர்கள்? ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க உதவிய ஆரம்பகாலக் கணினிகளான கொலோசஸ் இயந்திரங்கள் ஓடிய எஃப் பிளாக்கை 1987-இல் இடித்துவிட்டார்கள். கணினி வரலாற்றில் அதற்கு ஈடான இடம் எத்தனை இருக்கிறது? குவிமாடம் நிற்கிறது, எஃப் பிளாக் போய்விட்டது. என் ஆதங்கமே அதுதான்.

பழையசாவி:
எஃப் பிளாக் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் 1991-இல் மறுபடியும் அதே பேச்சு எழுந்ததே: எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டு வீடுகள் கட்டுவது. மில்டன் கீன்ஸ் நகரசபை 1992 பிப்ரவரியில் வளாகத்தின் பெரும்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தது. அப்போது ஜனங்களுக்கு அடையாளம் தெரிந்த கட்டடம் எது? உளுத்துப்போய் நின்ற கொட்டகையைக் காட்டி யாரைக் கூட்டியிருப்பீர்கள்? 2023 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு உச்சிமாநாட்டுக்கு வந்தவர்களும் அந்தக் குழம்பு வீட்டின் முன்னால்தான் படமெடுத்துக்கொண்டார்கள்.

செங்கல்சூளை:
படத்துக்கு நல்ல பின்னணி, அவ்வளவுதான். எனிக்மா வேலை நடந்த மூன்றாம் எண், ஆறாம் எண் கொட்டகைகளைப் புதுப்பித்து மக்களுக்குத் திறக்க 2014 வரை இழுத்தடித்தார்களே, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.