ஹோட்டல் கிச்சன் தரைக்கு எபாக்ஸி தாங்குமா? போட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில சின்னதா ஹோட்டல் நடத்துறோம், கிச்சன் மட்டும் 400 சதுர அடி. இப்ப கடப்பா கல்லு, இடுக்குல இருந்த சிமெண்ட் எல்லாம் போயி எண்ணெயும் மாவும் அடைஞ்சு எவ்ளோ தேய்ச்சாலும் வாடை போகல, போன வாரம் சாம்பார் குண்டானோட வந்த சரக்கு மாஸ்டர் வழுக்கி விழுந்து கையெல்லாம் கொப்புளம், மனசே ஆறல. அதான் ஜாயிண்டே இல்லாம எபாக்ஸி (ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்து தரையில ஊத்தி இறுக விடுற பூச்சு) போட்டுடலாம்னு பாத்தோம்.

காண்ட்ராக்டர் 2 மில்லிமீட்டர் கனம் போதும்ங்கிறார். ஆனா சாதா எபாக்ஸி 60 டிகிரி வாக்குலயே இளக ஆரம்பிச்சிடும்ல, நாங்க தினம் ரெண்டு வேளை கொதிக்க கொதிக்க கஞ்சி வடிக்கிறோம், உடனே பச்சத்தண்ணி ஊத்தி கழுவுறோம், உரிஞ்சு வந்துடாதா? பியூ கான்கிரீட் (பாலியூரித்தேன் ரெசினும் சிமெண்டும் கலந்த தரை) 9 மில்லிமீட்டர் போட்டா அந்த சூடு தாங்கும், செலவு தான் இடிக்குது.

அடுப்படியும் கஞ்சி வடிக்கிற இடமும் மட்டும் பியூ, மத்ததெல்லாம் எபாக்ஸினு போட்டா சேர்ற இடத்துல பிரியுமா? வழுக்காம இருக்க குவார்ட்ஸ் மணல் தூவுனா அதுலயே அழுக்கு புடிக்குமா? கல்ல பேத்துட்டு தான் போடணுமா, அப்புறம் கான்கிரீட் போட்டா ஈரம் காய 28 நாள் விடணும்ங்கிறாங்க, அவ்ளோ நாள் கடைய மூட முடியாதுங்க. ஹோட்டல்ல போட்டு ரெண்டு வருஷமாச்சும் ஓட்டுனவங்க போட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ்.