‘தி கிட்ஸ் ஃப்ரம் ஃபேம்’ இசைத்தட்டு கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. ‘ஃபேம்’ தொலைக்காட்சித் தொடரின் பாடல்கள் அடங்கிய ‘தி கிட்ஸ் ஃப்ரம் ஃபேம்’ எல்பி இசைத்தட்டு தேடுகிறேன். 1982-இல் வந்தது. நியூயார்க்கின் கலைப் பள்ளி மாணவர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர்தான், ஆனால் பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பியபோது ஊரே ஆடியது. அங்கே ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரை போனது.

லண்டனில் வளர்ந்த என் அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தர வேண்டும். தொடரில் நடன ஆசிரியையாக நடித்த டெபி ஆலன் கோலைத் தட்டிக்கொண்டு பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் அவளுக்கு நடனத்தில் ஆசையே வந்தது. ‘ஹை-ஃபிடிலிட்டி’ ஒலித்தால் இன்றும் அவள் கால் சும்மா இருக்காது! எனக்கும் அந்தப் பாட்டு அவ்வளவு பிடிக்கும்.

லைவ் ஆல்பமும் தனியாக உண்டு, அது வேண்டாம். ‘ஹை-ஃபிடிலிட்டி’, ‘ஸ்டார்மேக்கர்’ இரண்டும் இருக்கும் முதல் ஆல்பம்தான் வேண்டும். உறை கொஞ்சம் கிழிந்திருந்தால் பரவாயில்லை, தட்டில் ஆழமான கீறல் மட்டும் இருக்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் விலையோடு, தட்டின் இரு பக்கப் படங்களையும் அனுப்புங்கள். அப்புறம், பழைய எல்பியைத் தபாலில் வளையாமல் அனுப்பும் முறை தெரிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.