முகொம்பெரோ கொடி புதுச்சேரி மாடியில் வளருமா? வேரை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

மாடிக்கொடி (முத்தியால்பேட்டை):

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் நைரோபியில் வேலை பார்க்கிறார். அங்கே தெருவோரத்தில் சின்னச் சின்னக் கட்டாக ஒரு வேர் விற்கிறார்களாம், பெயர் முகொம்பெரோ. மென்றால் முதலில் இனிப்பு, அப்புறம் இஞ்சி மாதிரி லேசாக நாக்கில் ஏறும், வாசனை வெனிலா போல இருக்கும் என்கிறார். தேடிப் பார்த்தேன். தாவரப் பெயர் மோண்டியா வைட்டி. மேற்குக் கென்யாவில் ககமேகா காட்டைச் சுற்றியுள்ள லூயா மக்கள் பசி எடுக்கவும், வயிற்றுக் கோளாறுக்கும், ஆண்களின் தெம்புக்கும் ரொம்ப காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது.

ஆரோவில் பக்கம் இருக்கும் தோழி வீட்டு வேலியில் இந்தக் கொடி இருக்கிறது, தண்டு வெட்டித் தருகிறேன் என்கிறாள். அண்ணன் வேறு, வரும்போது விதையும் காய்ந்த வேரும் பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன் என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: நம் ஊர் மே மாத வெயிலை இது தாங்குமா, தொட்டியில் வைக்கலாமா, வேரை எப்போது எடுக்கலாம். அதைவிட முக்கியம், அப்பாவுக்கு இதைக் கஷாயமாகக் கொடுக்கலாமா? அவருக்கு 68 வயது, பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தினம் போடுகிறார், கொஞ்ச நாளாகப் பசியே இல்லை என்கிறார். வளர்த்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் (பொம்மையார்பாளையம்):

தங்கச்சி, முதலில் விதை விஷயம். அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடு, பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விதையோ நாற்றோ வந்தால் 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் உத்தரவுப்படி அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இங்கே முன்கூட்டியே வாங்கிய இறக்குமதி அனுமதியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். காய்ந்த வேரும் தாவரப் பொருள்தான். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் மரவள்ளியை நாசம் செய்த மாவுப்பூச்சியும் பப்பாளியைத் தின்ற மாவுப்பூச்சியும் வெளியிலிருந்து வந்தவைதான், எத்தனை விவசாயி அழுதார்கள் என்று பார்த்தவன் நான்.

தோழி வீட்டில் ஏற்கெனவே வளருகிற கொடி என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வெயிலைப் பற்றிக் கேட்டாய். ககமேகா ஏறக்குறைய ஏற்காடு உயரத்தில் இருக்கிற மழைக்காடு, அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இதே கொடி கானா, கேமரூன் மாதிரி புழுக்கமான நாடுகளிலும், தெற்கே குவாசுலு நடால் வரையும் இருக்கிறது. சூடு அதற்குப் புதிதில்லை, சுட்டெரிக்கிற மொட்டை மாடிதான் புதிது. காட்டில் அடி நிழலில், தலை வெளிச்சத்தில் என்று ஏறுகிற கொடி, அதே அமைப்பை நீ செய்து கொடுக்க வேண்டும். கிழக்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வை, மதியத்துக்கு மேல் தொட்டி மேல் வெயில் விழக்கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை நிழல்வலை கட்டு.

வேருக்காக வளர்க்கிறாய், அதனால் சின்னத் தொட்டி உதவாது. பெரிய நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொள், அடியில் நிறைய ஓட்டை போடு. பாதி செம்மண், மீதியில் மணலும் மக்கிய தொழு உரமும், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கொடிக்குத் தண்ணீர் வேண்டும், தேங்கினால் அழுகிவிடும், கார்த்திகை மழையில் அதுதான் ஆபத்து. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அந்த மாதிரி நாளில் டிரம் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தால்தான் பிழைக்கும். பந்தலுக்குச் சவுக்குக் கழி போதும், ஆனால் இழுத்துக் கட்டு, இலை பெரிது, காற்றைப் பிடிக்கும்.

இன்னொன்று, உங்கள் பக்கம் கடலை ஒட்டிய போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். இலை ஓரம் கருகினால் உரக்குறை என்று நினைத்து இன்னும் உரத்தைக் கொட்டாதே, மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்று.

தண்டு வெட்டுவதைவிடப் பதியன் போடச் சொல். தாய்க்கொடியிலிருந்து ஒரு கிளையை வளைத்துக் கணுவை மண்ணில் புதைத்தால் ஆவணி, புரட்டாசி ஈரத்தில் வேர் விடும், அப்புறம் வெட்டி எடுத்துவரலாம்.

பழைய பார்மசிஸ்ட் (கடலூர் திருப்பாதிரிப்புலியூர்):

செடி வளர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை, மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அப்பா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொடுக்க வேண்டாம் மகளே.

பசிக்கு, தெம்புக்கு என்று அந்த மக்கள் ஒரு துண்டு வேரை மெல்லுவது அவர்கள் வழக்கம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆரோக்கியமான ஆள் எப்போதாவது மெல்லுகிற துண்டு. தினம் இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிற 68 வயதுக்காரருக்குக் கஷாயமாக இறக்கிக் கொடுப்பது வேறு கதை. இந்த வேரைப் பற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியிலும் சோதனைக் குழாயிலும் நடந்தவை. அவையும் ஒரே பக்கம் பேசவில்லை. ஆண்மைக்கு என்று விற்கிறார்கள், ஆனால் கேமரூனில் செய்து 2001-ல் வெளியான ஆய்வில் ஆண் எலிகளுக்கு வேர்ப்பட்டைச் சாற்றை வாரக்கணக்கில் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி குறைந்தது, நிறுத்தியபின் திரும்பியது. குழந்தைக்காகக் காத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற பொருள் மேல் இது வேலை செய்யலாம் என்றும் ஆய்வுகள் உண்டு, ஆகவே மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது என்பது என் கருத்து.

அப்பாவுக்குப் பசி இல்லாமல் போனதே ஒரு அறிகுறி. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினே பலருக்குப் பசியைக் குறைக்கும், சிறுநீரகம் சோர்ந்தாலும் பசி போகும். கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று எடுத்து, அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் தெரியாமல் பசியை மட்டும் தூண்டிவிட்டால் நோய் ஒளிந்துகொள்ளும். தள்ளிப் போடாதீர்கள்.

நெல்லிக்குப்பத்தான்:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூடவே ஒரு சேதி, எனக்கு இது தெரிந்தபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தது. முகொம்பெரோ வேரின் வாசனைக்குக் காரணமான பொருள் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. வெனிலாவின் வெனிலினுக்கு ரொம்ப நெருங்கிய உறவு, அதே அணுக்கள்தான், அடுக்கு மட்டும் வேறு. இதே பொருள்தான் நம் நன்னாரி வேரின் வாசனையும், மாகாளிக் கிழங்கின் வாசனையும்! மூன்றும் ஒரே குடும்பத்தின் ஒரே கிளை. கென்யாவில் மெல்லுகிற வாசனையை நாம் மே மாதத்தில் எலுமிச்சை பிழிந்து சர்பத்தாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே அந்த ருசிதான் வேண்டும் என்றால் நன்னாரி நட்டுக்கொள்ளுங்கள். என் வரப்போரம் அதுவாகவே படர்ந்திருக்கிறது, கம்பி மாதிரி மெல்லிய வேர், நடுவில் வெள்ளைக் கோடு போட்ட குறுகலான இலை. நாட்டு மருந்துக் கடையில் விரல் தடிமனுக்கு நன்னாரி என்று கொடுத்தால் அது மாகாளியாக இருக்க வாய்ப்பு அதிகம், கெடுதல் இல்லை, ஆனால் நன்னாரி விலைக்கு அதை வாங்காதீர்கள்.

சர்பத் செய்யும்போது வேரை நன்றாகக் கழுவி, இடித்து, உள்ளே இருக்கும் கட்டை நரம்பை எடுத்துவிட வேண்டும், மணம் பட்டையில்தான் இருக்கிறது. 100 கிராம் பட்டைக்கு ஒரு லிட்டர் வெந்நீர், மூடி ராத்திரி முழுக்க ஊறட்டும். கொதிக்க விடாதீர்கள், வாசனை ஆவியில் போய்விடும், பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி ஆறியபின் கலக்கவும். அப்பாவுக்குப் பாகெல்லாம் வேண்டாம், டாக்டர் சரி என்றால் மண்பானைத் தண்ணீரில் ஒரு சின்னத் துண்டு வேரைப் போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

மோண்டியாவை நட்டாலும் ஒரு வேண்டுகோள். வேருக்காகவே பிடுங்கப்படுகிற கொடி என்பதால் கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் காட்டில் குறைந்துவிட்டது. இரண்டு வருஷமாவது வளர விடுங்கள், அப்புறம் ஒரு பக்கம் மண்ணைத் தள்ளிப் பக்கவேர் ஒன்றிரண்டை மட்டும் அறுத்து மண்ணை மூடுங்கள். நடுவேரைத் தொட்டால் கொடி போயிற்று.

மாடிக்கொடி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனிடம் விதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று, கஷாயத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் இப்போது வேறு குழப்பம். நேற்று தோழி வீட்டுக்குப் போனேன், பதியன் போடுவதற்குள் அவள் ஆர்வத்தில் தண்டுகளை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள், இலையெல்லாம் கிள்ளியாகிவிட்டது. வேலியில் பார்த்தால் இரண்டு விதமான இலை பின்னிக் கிடக்கிறது. ஒன்று உள்ளங்கையைவிடப் பெரிய இதய வடிவ இலை. இன்னொன்று பளபளவென்று தடித்த நீள்வட்ட இலை, புனல் மாதிரி இளம் ஊதாப் பூ. எதை ஒடித்தாலும் பால் வருகிறது. வாளியில் இருப்பது எது என்று அவளுக்கே தெரியவில்லை. நட்டுப் பார்க்கலாமா?

செம்மண் (பொம்மையார்பாளையம்):

அந்த வாளியை அப்படியே ஓரமாக வைக்கச் சொல், பால் கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல். ஊதாப் பூ உள்ளது ரப்பர் கொடி, கருடப்பாலை என்றும் சொல்லுவார்கள். மடகாஸ்கர் கொடி, ஒரு காலத்தில் ரப்பருக்காக நட்டது, இப்போது கிழக்குக் கடற்கரை முழுக்க வேலியில் ஏறிக் கிடக்கிறது. ஆடு மாடு தின்றால் செத்துப்போகும், இதயத்தைத் தாக்கும் விஷம். மோண்டியாவுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்பதால்தான் பாலும் ஜோடிக் காயும் ஒரே மாதிரி இருக்கிறது.

இதய இலைக் கொடியில் கணுவைப் பார், இரண்டு இலைக்காம்புக்கும் நடுவில் சின்னச் சின்னப் பற்களாகக் கிழித்துவிட்ட மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அது இருந்தால் மோண்டியா என்று நினைக்கலாம். பூ வந்தால் நட்சத்திரம் மாதிரி ஐந்து இதழ், உள்ளே சிவந்த ஊதா, ஓரம் பச்சை மஞ்சள்.

வாசனையை மட்டும் நம்பி வேரை வாயில் வைக்காதே. இரண்டு கொடியின் வேரும் மண்ணுக்குள் பின்னியிருக்கும், ஒன்றின் மணம் இன்னொன்றில் ஒட்டும்.

மாடிக்கொடி:

வேலியில் இருக்கும் இதய இலைக் கொடியின் கணுவில் அந்தப் பல் மாதிரி விளிம்பு இருக்கிறது அண்ணா, இப்போதுதான் தோழி படம் எடுத்து அனுப்பினாள். வாளித் தண்டுகளை என்ன செய்வது?

செம்மண் (பொம்மையார்பாளையம்):

அந்தத் தண்டுகள் வேண்டாம், எது எந்தக் கொடி என்று தெரியாது. கையுறை போட்டு எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆடு மாடு வராத இடத்தில் குழி தோண்டிப் புதைக்கச் சொல், எரிக்கக் கூடாது, புகை ஆகாது. வேலியில் இருக்கும் ரப்பர் கொடியை மழைக்கு முன் வேரோடு எடுக்கட்டும், விதை பஞ்சோடு பறந்தால் பக்கத்து வீட்டு வேலியிலும் ஏறிவிடும். அது முடிந்தபின், விளிம்பு தெரிகிற கணுவாகப் பார்த்து இலையோடு பதியன் போடச் சொல். நட்டதும் துளிர்க்கிற இலை இதய வடிவில் வருகிறதா என்று பார்த்து இங்கே படம் போடு.