நம்பவே முடியாத பழைய கதைகள்: எது நிஜம், எது புளுகு?

1919 ஜனவரியில் பாஸ்டன் நகரத் தெருவில் மொலாசஸ் (கெட்டியான சர்க்கரைப் பாகு) வெள்ளம் பாய்ந்து 21 பேர் இறந்ததாகப் படித்தேன். பாகு எப்படிங்க ஆளைக் கொல்லும்? யாரோ அளந்துவிட்ட கதையா?

பதில் 1: நிஜம்தான். ஆல்கஹால் தயாரிக்கச் சேர்த்து வைத்திருந்த பாகு அது, சுமார் 15 மீட்டர் உயரத் தொட்டி, தகடு போதுமான தடிமன் இல்லை, முன்பே கசிந்துகொண்டுதான் இருந்தது, ஒருநாள் மொத்தமாக வெடித்துவிட்டது. பாகு மெல்லத்தான் ஒழுகும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அவ்வளவு எடை ஒரே நேரத்தில் சரிந்தால் அலையாகத்தான் வரும். கடைசியில் வழக்கு நடந்து கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தது.

பதில் 2: 1932-ல் ஆஸ்திரேலியா ஈமு பறவைகளை எதிர்த்து மெஷின் கன்னோடு ராணுவத்தை அனுப்பியதே, அதுவும் நிஜம். பறவைகள் சிதறி ஓடின, ராணுவம்தான் திரும்பி வந்தது!

பதில் 3: சரி, புளுகுக்கு ஒன்று. 1835-ல் நியூயார்க்கின் சன் பத்திரிகை, நிலாவில் வௌவால் சிறகு முளைத்த மனிதர்கள் வாழ்வதாகத் தொடர் போட்டது. கண்டுபிடித்தவர் என்று ஜான் ஹெர்ஷல் பெயரைப் போட்டார்கள். அவர் நிஜமான வானியலாளர், அப்போது தென்னாப்பிரிக்காவில் தொலைநோக்கியும் கையுமாகத்தான் இருந்தார். அதனால்தான் பலர் ஏமாந்தார்கள்.

கேட்டவர்: அட, ஈமு கதையைத்தான் நான் புளுகு என்று நினைத்திருந்தேன்!